பில் எண் 4417

இதைத் தமிழில் எழுதுகிறேன்.
கடையில் இப்போது யாருக்கும் வாசிக்கத் தெரியாது.

டோங்காட் மெயின் ரோட்டில்,
ஆலைப் புகையும் கரும்புச் சாம்பலும் இறங்குகிற இடத்தில்
படையாச்சி ஹார்ட்வேர்.
ஆணி, கீல், தகரம், பெயின்ட்.
வாசலில் பச்சைத் தண்ணீர்த் தொட்டிகள்,
உள்ளே ஆள் ஒளிந்துகொள்ளலாம் அவ்வளவு பெரிசு.
இருபத்தாறு வருடமாகக் கணக்கு நான்.
கமலநாதன் படையாச்சி முதலாளியாக இருந்தார்,
பிறகு மாண்புமிகு உறுப்பினர்,
பிறகு மறுபடி முதலாளி.

கட்சிக்காரர்கள் முதலில் வந்தது நாற்காலி கேட்டு.
இருநூறு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கூட்டத்துக்கு.
நூற்றெண்பத்தேழு திரும்பி வந்தன.
மீதி பதின்மூன்றை எதில் எழுத என்றேன்.
'விளம்பரத்தில் எழுது' என்றார்.
அதுதான் அரசியல் பிரவேசம்.

இங்கே ஓட்டு ஆளுக்கில்லை, கட்சிக்கு.
பட்டியலில் இவர் முப்பத்தொன்று.
முப்பதோடு நின்றிருந்தால்
திங்கட்கிழமை ஏழரைக்கு ஷட்டரைத் தூக்கியிருப்பார்.
நிற்கவில்லை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க். செங்கல் மாளிகை.
வாசலில் இன்னமும் விக்டோரியா ராணி,
தலையில் புறா எச்சம்.
இவருக்குத் தெரிந்த சுலு கடைச் சுலு:
மலினி, எவ்வளவு.
புயா குசாசா, நாளைக்கு வா.
முதல் பேச்சில் இரண்டையும் சொன்னார்.
கேள்வி கேட்கிற ஜனத்துக்கு அரசாங்கம் சொல்வது இரண்டாவது,
இனி அரசாங்கத்தை நான் கேட்கப்போவது முதலாவது.
எதிர்வரிசைகூட மேசையைத் தட்டியது.

ஒன்பது வருடம் கேட்டார்.
பள்ளிக் கழிப்பறைக் கதவு மலினி.
கதவின் கீல் மலினி.
கீலுக்கு எத்தனை திருகாணி, அதில் எத்தனை துரு.
அமைச்சர்கள் கோப்பை மூடிக்கொண்டார்கள்.
கல்யாண மண்டபங்களில் முன்வரிசை கிடைத்தது.
லாரி டிரைவர்கள்கூட ஹாரன் அடித்து 'மலினி!' என்று கத்திப் போவார்கள்;
கையை ஆட்டுவார், சின்னப்பிள்ளை மாதிரி.

வறட்சி வந்தது.
பள்ளிகளுக்குத் தொட்டி வாங்கினார்கள்.
எழுந்தார். 'ஐயாயிரம் லிட்டர் தொட்டி பதினெட்டாயிரம் ராண்டா?
என் கடையில் ஆறாயிரத்து இருநூறு.'

அமைச்சர் அவசரப்படவில்லை.
கண்ணாடியைத் துடைத்தார்.
கோப்பிலிருந்து ஒரு தாள் எடுத்தார்.
'உறுப்பினர் சொல்வது உண்மை.
ஒப்பந்தக்காரர் அந்த விலைக்குத்தான் வாங்கியிருக்கிறார்,
உறுப்பினரின் கடையில்.
ஒப்பந்தக்காரர் உறுப்பினரின் மருமகன்.'

கடைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தோம்.
கேமரா தாளை நெருங்கியது.
நீல மை. பில் எண் 4417.
ஏழின் இடுப்பில் ஒரு சின்னக் கோடு.
அப்படிக் கோடு போடுவது
அந்தக் கடையில் நான் மட்டும்தான்.
யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.
பெயின்ட் கலக்கும் இயந்திரத்தை யாரோ போட்டார்கள்.

ராத்திரி பத்துக்கு வந்தார்.
மலைச்சாலை முழுக்க மூடுபனி என்றார், அதைத்தான் முதலில் சொன்னார்.
பிறகு, 'உனக்குத் தெரியுமா?'
'தொட்டி ஆறு இருநூறுக்கு வெளியே போனது தெரியும்.
வாசலுக்கு அப்பால் என் பேரேட்டில் இல்லை.'
'என்னுடையதிலும் இல்லை' என்றார்.
நம்பினேனா என்று கேட்காதீர்கள்.
ஊரையெல்லாம் மலினி கேட்டவர்
மருமகனிடம் ஒருமுறை கேட்டிருக்கலாம்.

அடுத்த பட்டியலில் எழுபத்திரண்டாவது பெயர்.
அதற்கு அர்த்தம் என்ன என்று கட்சிக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.
சட்டசபை அடையாள அட்டை இப்போது
கல்லாவில், ஐந்து சென்ட் காசுகளோடு.
அந்தக் காசும் செல்லாது.
தள்ளுபடி வேண்டுகிறவர்கள் இன்னும்
'மாண்புமிகு' என்கிறார்கள்.

போன வாரம் மிசஸ் சிபியா வந்தார், பள்ளி ஆசிரியை.
தொட்டி வந்துவிட்டதாம், மூன்று வருடமாக நிற்கிறதாம்.
குழாய்தான் வரவில்லை.
பித்தளைக் குழாயைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்து,
'மலினி?' என்றார்.
கேலி இல்லை. வேறு எப்படிக் கேட்பது?

படையாச்சி குழாயைப் பார்த்தார்.
வாசல் தொட்டிகளைப் பார்த்தார்.
சும்மா கொடுப்பார் என்று நினைத்தேன்,
எந்தக் கணக்கில் எழுதுவது என்றுகூட யோசித்துவிட்டேன்.

'எழுபத்தேழு ராண்ட்' என்றார்.

அந்த அம்மாள் எண்ணிக் கொடுத்தார்.
நான் பில் போட்டேன்.
இரண்டு ஏழு.
இரண்டுக்கும் கோடு போட்டேன்.